தோற்ற படைக்கு 100 அடி நினைவுத்தூண்... ஏன் தெரியுமா?

ஜெயிச்சவங்களுக்குத்தான் நினைவுச்சின்னம் வைப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? அப்போ அமெரிக்காவின் ஓஹியோ மாகாணத்தில் இருக்கும் ஃபோர்ட் ரிகவரிங்கிற சின்ன ஊரைப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். 1913-ல் அங்கே நிறுவப்பட்ட நினைவுத்தூணின் உயரம் 100 அடிக்கும் மேல். அதன் அடியில் இருப்பது, படுதோல்வி அடைந்த ஒரு படையின் எலும்புகள்!

அன்று என்ன நடந்தது?

1791. அமெரிக்கா அப்போதான் சுதந்திரம் வாங்கியிருந்த புது நாடு. ஓஹியோ அதன் எல்லைப்புறம். ஆனா அங்கே வாழ்ந்தவங்க மயாமி, ஷானி, டெலவேர் போன்ற பூர்வகுடிகள். அவங்க மண்ணைப் பிடிக்க, ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேர் தலைமையில் படையை அனுப்பினார் அதிபர் வாஷிங்டன்.

அந்தப் படையில் பயிற்சி பெற்ற வீரர்கள் குறைவு. ஆறு மாச ஒப்பந்தத்தில் சேர்ந்தவங்களும், கென்டக்கி மிலிஷியாக்காரங்களும்தான் அதிகம். மிலிஷியான்னா? சாதாரண நாளில் ஏர் பிடிக்கிற, அழைப்பு வந்தா துப்பாக்கி தூக்குற உள்ளூர் ஆட்கள்.

போருக்குச் சில நாள் முன்னாடி, மிலிஷியாவில் சுமார் 60 பேர் ஓடிப்போனாங்க. வர்ற வழியில் உணவு வண்டிகளைக் கொள்ளையடிச்சிடுவாங்களோன்னு பயந்த செயின்ட் கிளேர், நல்லா பயிற்சி பெற்ற ஒரு ரெஜிமென்ட்டை அவங்க பின்னாடியே அனுப்பிட்டார்.

நவம்பர் 4 விடியற்காலை. மயாமி தலைவர் லிட்டில் டர்டில், ஷானி தலைவர் ப்ளூ ஜாக்கெட் ஆகியோரின் வீரர்கள் பாய்ந்தார்கள். வாபாஷ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கியிருந்த மிலிஷியாதான் முதல் அடி வாங்கியது. அவங்க சிதறி ஓடிவந்து முகாமுக்குள்ள புகுந்ததும் ஒரே குழப்பம். சுமார் மூணு மணி நேரத்தில் 600-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் பலி. பூர்வகுடிகளிடம் அமெரிக்க ராணுவம் சந்தித்த மிகப் பெரிய தோல்வி இது.

யார் மேல தப்பு?

ஓடினவங்க மேல பழி போடுறது சுலபம். ஆனா 1792-ல் விசாரித்த நாடாளுமன்றக் குழு, தாமதமாக வந்த பொருட்கள், சப்ளையில் நடந்த குளறுபடி, வீரர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாததுன்னு காரணங்களை அடுக்கியது. ஏர் பிடிச்சவங்களை அரைகுறையா தயார் பண்ணி அனுப்பினது யாருங்கிற கேள்விதான் அங்கே மிஞ்சியது.

1793 டிசம்பரில் அதே இடத்துக்கு வந்த ஜெனரல் அந்தோணி வெய்னின் படை, சிதறிக் கிடந்த எலும்புகளைப் புதைத்துவிட்டு ஒரு கோட்டை கட்டியது. ‘மீட்பு’ என்ற பொருளில் பெயர், ஃபோர்ட் ரிகவரி. 1794 ஜூனில் பூர்வகுடிகள் நடத்திய தாக்குதலை அந்தக் கோட்டை தாங்கி நின்றது. அடுத்த வருஷம் கிரீன்வில் ஒப்பந்தம். ஓஹியோவின் பெரும்பகுதி பூர்வகுடிகளின் கையைவிட்டுப் போனது.

அதுக்கப்புறமும் அந்த மண்ணிலிருந்து எலும்புகள் வெளியே வந்துகொண்டே இருந்தன. 1851-ல் ஊரே கூடி அவற்றை மரியாதையோடு அடக்கம் பண்ணியது. 

அடுத்த முறை ஒரு நினைவுச்சின்னத்தின் முன்னாடி செல்ஃபி எடுக்கும்போது, ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க: ‘இவங்களை இங்கே அனுப்பினது யார்? எதிர்ப்பக்கம் நின்னவங்க எதைக் காப்பாத்தப் போராடினாங்க?’ 

கதையின் மறுபாதி அந்தப் பதிலில்தான் இருக்கும்!