மண்ணைத் தொடட்டும் குழந்தைகள்

பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கி.மீ. கிரிவலம் வரும் ஊர் திருவண்ணாமலை. அம்மலையின் அடிவாரத்தில் படிக்கும் குழந்தைகளுக்கோ அது பெரும்பாலும் ஜன்னலுக்கு அப்பால் தெரியும் காட்சி மட்டுமே. நான் பார்த்த பள்ளிகள் சிலவற்றின் முற்றம் முழுவதும் சிமென்ட் தளம். சேறு படாது, பெருக்குவது எளிது என்பது உண்மைதான். ஆனால், அத்தரையில் ஒரு குழந்தை ஓடலாமே தவிர, குழி தோண்டவோ விதை ஊன்றவோ முடியாது.

ஓரிடத்தில் எந்த அளவுக்கு மாற்றியமைக்கத்தக்க பொருள்கள் உள்ளனவோ, அந்த அளவுக்கு அங்கு படைப்பாற்றல் மலரும் என்று 1971-இல் எழுதினார் சைமன் நிக்கல்சன். சறுக்கு மரத்தில் சறுக்க மட்டுமே முடியும். மணல், நீர், சுள்ளி, புங்கங்காய் ஆகியவற்றைக் கொண்டு குழந்தை தினமும் புதிய விளையாட்டைக் கண்டுபிடிக்கும்.

உடல்நலத்துக்கும் இதில் பங்குண்டு. பின்லாந்தில் சில மழலையர் காப்பக முற்றங்களில் காட்டு மண்ணும் செடிகளும் பரப்பப்பட்டன. 28 நாள்களில் அக்குழந்தைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பாற்றல் சீரடைவதற்கான அறிகுறிகளும் தென்பட்டன. 2020-இல் வெளியான இந்த ஆய்வு சிறியதே; எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இதற்கான முன்மாதிரி இங்கேயே உள்ளது. மலையில் நாட்டு மரங்களை நட்டு, காட்டுத்தீயைத் தடுக்க உழைத்துவரும் ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை, 2009 முதல் மருதம் பண்ணைப் பள்ளியையும் நடத்துகிறது. அங்கு வயலும் மலையும் பாடத்தின் பகுதிகள். மரம் நடும் பணியில் குழந்தைகளும் பங்கேற்கின்றனர்.

எல்லாப் பள்ளிகளுக்கும் பண்ணை வாய்க்காதே எனலாம். பண்ணை தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டம் விளையாட்டுத் திடலை வலியுறுத்துகிறது. அதில் நிழலும் மண்ணும் வேண்டும் என்று கூறவில்லை. அக்குறையை நாம் நிரப்பலாம். முற்றத்தின் ஒரு மூலையைத் தளமிடாமல் விடலாம். வேம்பு, புங்கன், சரக்கொன்றை என நிழல் மரங்களை முதலில் நடலாம். மரத்தடியில் மணல் மேடை அமைக்கலாம். கை கழுவும் நீரைச் செடிகளுக்குத் திருப்பலாம்.

பாம்பு குறித்த பெற்றோரின் அச்சம் நியாயமானதே. புதர் மண்டாமல் பராமரித்து, ஆசிரியரின் பார்வைக்கு எட்டும் இடத்தைத் தேர்ந்தால் அதைத் தணிக்கலாம்.

அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ அடுத்த முறை தளமிட நிதி ஒதுக்கும்போது, எவ்வளவு பரப்பை மூடுவது என்பதோடு எவ்வளவைத் திறந்துவிடுவது என்றும் திட்ட வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். ஒருமுறை மூடிய மண்ணை மீண்டும் திறக்க எவரும் நிதி கேட்பதில்லை.