செகண்ட் ஹேண்ட் – 11: முழுச்சுற்று சுற்றாத பேரிங்

பின்சக்கரமும் ஷாக் அப்சார்பரும் கழன்றுவிட்டன. ஸ்விங் ஆர்மின் நுனியைப் பிடித்து இடவலமாக அசைத்தால் 'டொக் டொக்' என்று ஆட்டம் தெரிகிறது. சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம். இந்த வாரம் பழைய பேரிங்கை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தேன். எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் பிவட் போல்ட். சேஸிஸின் ஒரு பக்கம் நுழைந்து, ஸ்விங் ஆர்மை ஊடுருவி, மறுபக்க நட்டில் முடிகிற நீளமான போல்ட் அது. பழைய வண்டிகளில் உள்ளே துருவேறி ஸ்லீவோடு ஒட்டிக்கிடக்கும். சுத்தியலால் நேரே அடித்தால் முனை தடித்து மரை கெட்டுவிடும். அப்புறம் வெளியே எடுப்பது பெரும்பாடு. துரு இளக்கும் ஸ்பிரேயை முதல்நாள் இரவே அடித்துவைத்து, காலையில் பித்தளைக் கம்பியை முட்டுக்கொடுத்துத் தட்டினால் நகர்ந்து கொடுக்கும்.

போல்ட் வந்ததும் ஸ்லீவும் வெளியே வரும். அதை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் புதுசாகவே பளபளக்கிறது. பாரம் தாங்கிய பக்கத்தில் மட்டும் அம்மி கொத்தியதுபோல் வரிசையாகக் கோடுகள். நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தடுக்கிறது. கழுவுவதற்கு முன் அங்கே கிரீஸ் இல்லை, செம்பழுப்புப் பொடிதான் இருந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் இரும்பு தேயவே இல்லை!

இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டுவது இந்தக் கோடுகள்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்விங் ஆர்ம் அரை மீட்டர் நீளம் என்று வையுங்கள். பள்ளத்தில் சக்கரம் 50 மில்லிமீட்டர் ஏறி இறங்கினால், பிவட்டில் திரும்புவது ஏறக்குறைய 6 டிகிரி. 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்லீவின் மேற்பரப்பில் அது 1 மில்லிமீட்டர் நகர்வு. நீடில் பேரிங்கின் ஒவ்வொரு ஊசியும் அதில் பாதி தூரமே உருளும். 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஊசி ஒரு முறை சுற்றி முடிக்க 6 மில்லிமீட்டருக்கு மேல் உருள வேண்டும். அப்படியென்றால், வண்டி ஊரெல்லாம் சுற்றினாலும் இந்த ஊசிகள் ஒரு முழுச்சுற்று சுற்றுவதில்லை. அதே அரை மில்லிமீட்டர் தடத்தில் முன்னும் பின்னுமாக அசைந்து, கிரீஸை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, இரும்போடு இரும்பாக உரசுகின்றன. உரசி உதிர்ந்த துகள் காற்றுபட்டுச் செம்பொடியாகிறது. அந்தப் பொடி மேலும் அராவுகிறது.

இதன் பூர்வகதை ரயிலில் இருக்கிறது. 1930-களில் அமெரிக்காவில் புதுக் கார்களை ரயிலேற்றி வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். சாலையில் ஓடாத அந்தக் கார்களின் சக்கர பேரிங்குகள், இறக்கும்போதே தழும்பேறி இரைந்தன. நின்ற இடத்திலேயே ரயிலின் அதிர்வு அவற்றைத் தின்றிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் ஜே.ஓ. ஆல்மென் 1937-ல் இதை விளக்கி எழுதினார். இதற்கு ஃபால்ஸ் பிரினெல்லிங் என்று பெயர். குண்டை அழுத்தி உலோகத்தின் கடினத்தை அளக்கும் முறையை 1900-ல் உலகுக்குக் காட்டிய ஸ்வீடன் பொறியாளர் பிரினெல்தான் அந்தப் பெயருக்குரியவர். ஓடாமலே தேய்ந்த பேரிங்! ஆல்மெனின் அந்தக் கார்களைப் பற்றிப் படித்ததிலிருந்து, பழைய வண்டிகளை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது ஓடோமீட்டரை. ஸ்விங் ஆர்ம் பேரிங்கைப் பொறுத்தவரை அந்த எண் பாதிக் கதைகூடச் சொல்லாது. குறைவாக ஓடி, கிரீஸ் காணாமல், வாரா வாரம் பிரஷர் வாட்டரில் குளித்த வண்டியைவிட, நிறைய ஓடி ஒழுங்காகக் கிரீஸ் கண்ட வண்டி மேல். வளைவில் பின்பக்கம் காற்றிறங்கிய டயர்போல நெளிகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். நெளிந்தால், டயரும் வீல் பேரிங்கும் சரியாக இருக்கிறபோது, அடுத்த சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

ஜி.பி. ரோட்டுக் கடையில் பேரிங் மட்டும் கேட்டபோது, கல்லாவில் இருந்த பெரியவர், "ஸ்லீவ் எங்க தம்பி? பழைய ஸ்லீவுல புது பேரிங் போட்டா நாலு மாசத்துல திரும்ப வருவீங்க" என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. ஊசிகள் உருளும் உள்தடமே அந்த ஸ்லீவ்தான். கோடு விழுந்த தடத்தில் புது ஊசியும் பழைய பள்ளத்தில்தான் போய் உட்காரும். எனவே பேரிங், ஸ்லீவ், இரு பக்க சீல் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். பேரிங்கின் விளிம்பில் எண் இருக்கும். எச்.கே. 2020 என்றால் உள்ளளவு 20, அகலம் 20 மில்லிமீட்டர். எண்ணோடு போனால் நல்ல பேரிங் கடை எதிலும் கிடைக்கும்.

ஏற்றுகிற வேலை அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. பேரிங்கின் மெல்லிய வெளிக்கூட்டைச் சுத்தியலால் அடித்தால் நசுங்கும். மரைக்கம்பி, நட்டு, கனமான வாஷர்களை வைத்து நேராக இழுத்து ஏற்ற வேண்டும். எழுத்துள்ள முகம் வெளியே இருக்க வேண்டும். அதற்குள் 12 மில்லிமீட்டர் மரைக்கம்பி ஒரு அடி வாங்கி வையுங்கள். புது பேரிங்கை உறையோடு ஃப்ரீசரில் போட்டு வையுங்கள்.