தண்டம் கட்டினால் கேஸ் முடிந்ததா?

பொத்துவிலிலிருந்து திருக்கோவில் பக்கம் போகும் ஏ4 வீதியில்தான் கோமாரி இருக்கிறது. அறுகம்பே சீசன் வந்துவிட்டால் இந்த வீதியில் ஆட்டோவும் வேனும் ஓடிப் பிழைக்கிற இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவனை ஓர் இரவில் பொலிஸார் மறித்து, பலூன் ஊதச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டம் கட்டினான், வீட்டுக்கு வந்தான். “காசு கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது” என்று வீட்டாரும் பேச்சை மூடிவிட்டார்கள். சில வருடம் கழித்து அரச வேலைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது ஒரு கேள்வியில் அவன் பேனா நின்றுவிடுகிறது. ஏன் நின்றது? பிளேன்டீயைக் குடித்தபடி ஆறுதலாகப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பலூன். பழைய வகைக் கருவியில் பலூனோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் இருக்கும் மஞ்சள் நிறத் துகள்கள், மூச்சில் மதுசாரம் பட்டால் பச்சையாக மாறும். எங்கள் சட்டம் வைத்திருக்கும் எல்லை, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். இந்த 80 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம், பிறகு தேவைப்படும்.

அடுத்தது தண்டம். தண்டத்தில் இரண்டு வகை உண்டு. ஹெல்மெட் போடாமல் போனால் பொலிஸார் ஒரு தாள் எழுதித் தருவார்கள். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டி, ரசீதைக் காட்டி லைசன்ஸைத் திருப்பி எடுக்கலாம். அதற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. குடித்துவிட்டு ஓடியது அந்த வகையல்ல. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அது நீதவான் முன்னால் போக வேண்டிய குற்றம். 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டம் விதிக்கலாம், மூன்று மாதம் வரை மறியலில் போடலாம், 12 மாதம் வரை லைசன்ஸை நிறுத்திவைக்கலாம். ஆட்டோ ஓடிச் சோறு தின்பவனுக்கு இதில் கடைசியானதுதான் பெரிய அடி.

எல்லோரும் பிழையாக விளங்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். ரசீது கையில் வந்ததும் கேஸ் அழிந்துவிட்டது என்று நினைக்கிறோம். கடைக்காரரின் கடன் கொப்பியைப் பாருங்கள். காசைக் கொடுத்ததும் கணக்கைக் கோடு போட்டு வெட்டுவார், பக்கத்தைக் கிழிக்கமாட்டார். கடன் வாங்கியவர் யார், எப்போது என்று பிறகும் வாசிக்கலாம். நீதிமன்றத்திலும் அப்படித்தான். ‘குற்றவாளி’ என்பது தீர்ப்பு, தண்டம் அந்தத் தீர்ப்புக்கான தண்டனை. தண்டனை தீர்ந்தாலும் தீர்ப்பு வழக்கேட்டில் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தமிழ் ஊரோ முஸ்லிம் ஊரோ, குடித்துப் பிடிபட்டான் என்றாலே குடும்பத்துக்கு வெட்கக்கேடு. ஊருக்குத் தெரியமுதல் முடித்துவிட வேண்டுமென்று, வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளாமலே ஒப்புக்கொண்டு வருகிறார்கள். வேறு சிலர் வெட்கத்தில் தவணைக்கே போவதில்லை. அது இன்னும் மோசம், பிடியாணை வந்துவிடும்.

இனி அந்தப் பேனா நின்ற இடத்துக்கு வருவோம். “பொலிஸ் கிளியரன்ஸில் இது விழுமா?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கிளியரன்ஸ் என்பது பொலிஸ் தலைமையகம் தன் பதிவுகளைப் பார்த்து, நாம் குடியிருந்த இடத்துப் பொலிஸிடமும் விசாரித்துத் தரும் சான்றிதழ். ஆனால் விண்ணப்பப் படிவம் கிளியரன்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. ஏதாவது குற்றத்துக்காக எப்போதாவது நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டீரா என்றுதான் கேட்கிறது. சான்றிதழ் எவ்வளவு சுத்தமாக வந்தாலும் இதற்குப் பதில் ‘ஆம்’தான். ‘இல்லை’ என்று எழுதி, வேலை கிடைத்த பிறகு பிடிபட்டால், பொய்த் தகவலுக்காகவே பதவி போகும்.

வெளிநாடு என்றால் கணக்கு இன்னும் விசித்திரம். கனடாவை எடுப்போம். இலங்கையில் நமக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, இதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் அவர்கள் சட்டம் என்ன சொல்லும் என்றே பார்க்கிறார்கள். அங்கேயும் எல்லை அதே 80. 2018 டிசம்பர் 18 முதல் அங்கே இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை 10 வருடச் சிறை, ஆகவே குடிவரவுச் சட்டத்தில் ‘பாரதூரமான குற்றம்’ என்ற வரிசைக்குப் போய்விட்டது. பொத்துவிலில் 25,000 ரூபாயோடு முடிந்ததாக நினைத்தது ஒட்டாவாவில் கதவை மூடலாம். தண்டனை முடிந்து 5 வருடம் போனபின் விசேடமாக விண்ணப்பித்து அந்தத் தடையை நீக்கக் கேட்கலாம். மறைத்துப் பிடிபட்டாலோ, அந்தப் பொய்க்கென்று தனியாக 5 வருடத் தடை.

பிரித்தானியாவில் கொஞ்சம் இரக்கம் உண்டு. அங்கே இக்குற்றம் 11 வருடம் லைசன்ஸ் பதிவில் கிடந்தாலும், சாதாரண வேலைகளுக்கு 5 வருடத்தின் பின் சொல்லத் தேவையில்லை.

வழக்கு இன்னும் முடியாதவர்கள், ஒப்புக்கொள்ளமுதல் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வழக்கு முடிந்தவர்கள், வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை நீதிமன்றப் பதிவாளரிடம் எடுத்து, தண்டம் கட்டிய ரசீதோடு பத்திரமாக வையுங்கள். படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதுங்கள். கீழே விபரம் எழுத இடம் விட்டிருப்பார்கள். திகதி, நீதிமன்றம், தண்டம் எல்லாவற்றையும் அதில் எழுதி, பிரதியையும் இணைத்து அனுப்புங்கள்.