குளம்படி நகரம் – 9: இரண்டாவது குதிரையை வைத்திருப்பவர்

சென்ற வாரம் ரேஸ் கோர்ஸ் சாலையில் நின்று பந்தயக் குதிரைச் சொந்தக்காரரின் வருடத்தைப் பார்த்தோம். கோடை சீசன், குளிர்கால சீசன் என்று பெங்களூரு டர்ஃப் கிளப்பின் நாட்காட்டிதான் அவருக்கும் நாட்காட்டி. அவர் பெயரில் பதிவான நிறங்களில் சட்டை போட்டுக்கொண்டு ஜாக்கி ஏறுகிறார். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஜெயித்தால் டிரெய்னர், ஜாக்கி பங்கு போக மீதிப் பரிசுப் பணம் சொந்தக்காரருக்கு. அடுத்த நாள் செய்தித்தாளிலும் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் வரும். நம் செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியை இந்தியா முழுக்க ரேஸ்காரர்கள் அறிந்திருந்தது அப்படித்தான். நூற்றுக்கணக்கான கிளாசிக் பந்தயங்களை வென்ற சொந்தக்காரர் அவர். அந்தக் குதிரைகளின் முதுகில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று பெயர் வராது.

இந்த வாரம் அதே நகரத்தின் வடக்குப் பக்கம் போவோம். விமான நிலையத்துக்குப் போகிற திசையில் எம்பசி இன்டர்நேஷனல் ரைடிங் ஸ்கூல் இருக்கிறது. கட்டுமானத் தொழிலதிபர் ஜீத்து வீர்வானி 1996-இல் தொடங்கியது. இங்கே நாம் பார்க்கப்போவது வேறு வகைச் சொந்தக்காரரை. போட்டி நாளில் அவர் பெயர் யார் காதிலும் விழாது. புகழ் குதிரைக்கும் அதில் ஏறியவருக்கும் போகும். செலவு மட்டும் இவருக்கு.

போட்டியின் பெயர் ஈவண்டிங். இதன் கணக்கைத் தெரிந்துகொண்டால்தான் சொந்தக்காரரின் பாடு புரியும். ஒரே குதிரை, ஒரே வீரர், மூன்று சோதனைகள். முதலாவது டிரெஸ்ஸாஜ். மணல் பரப்பிய சிறு களத்தில் வட்டமும் வளைவும் நேர்கோடுமாகக் குதிரை எவ்வளவு அடக்கமாக, எவ்வளவு இணக்கமாக நடக்கிறது என்று நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். வாங்கிய சதவீதத்தை நூறிலிருந்து கழித்தால் வருவது தண்டப் புள்ளி. இரண்டாவது கிராஸ் கன்ட்ரி. மரக்கட்டை, பள்ளம், வேலி, தண்ணீர் என்று அசையாத தடைகளைத் தாண்டி நான்கு கிலோமீட்டருக்கு மேல் நாலுகால் பாய்ச்சல். ஒரு தடையில் குதிரை ஒரு முறை முரண்டு பிடித்து நின்றால் 20 புள்ளி. குறித்த நேரத்தைத் தாண்டினால் நொடிக்கு 0.4. மூன்றாவது ஷோ ஜம்பிங். முந்தைய நாள் ஓட்டத்தில் களைத்த அதே குதிரை, தொட்டாலே விழுகிற கம்பிகளைத் தாண்ட வேண்டும். ஒரு கம்பி விழுந்தால் 4 புள்ளி. கடைசியில் யாருக்குத் தண்டம் குறைவோ அவருக்கே வெற்றி.

இவற்றுக்கு நடுவே கால்நடை மருத்துவர் முன்னால் குதிரையை வெறுமனே ஓட்டிக் காட்டவேண்டிய சோதனையும் உண்டு. நடையில் சின்ன நொண்டல் தெரிந்தாலும் போட்டி அங்கேயே முடிந்தது. பல மாதத் தயாரிப்பு சில நொடி ஓட்டத்தில் கலைந்துபோகலாம். ஒரு சொந்தக்காரருக்கு அதைவிட நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடம் இந்த விளையாட்டில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

பந்தயக் குதிரை இரண்டு வயதில் களம் இறங்கி, ஐந்தாறு வயதுக்குள் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிடும். நன்றாக ஓடியது என்றால் அதன் பிறகும் வருமானம் உண்டு: பொலிகுதிரையாகப் பண்ணைக்குப் போகும், அதன் குட்டிகளுக்கு ஏலத்தில் விலை ஏறும். ஈவண்டிங் குதிரை பக்குவமடையவே பத்து வயது ஆகிறது. உச்சத்தில் இருப்பது பத்திலிருந்து பதினைந்து, பதினாறு வயதுவரை. பெரும்பாலானவை காயடித்த ஆண் குதிரைகள், அதனால் இனப்பெருக்க வருமானம் என்ற பேச்சே இல்லை. பரிசுத் தொகையும் தீவனம், லாடம், மருத்துவர், போக்குவரத்து என்ற செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே இங்கே போடுகிற பணம் திரும்பி வராது என்று தெரிந்தேதான் ஒருவர் குதிரை வாங்குகிறார்.

பெங்களூருவில் பிறந்த ஃபவாத் மிர்ஸாவின் கதைக்கு வருவோம். பிறந்தது 1992. தந்தை ஹஸ்னைன் மிர்ஸா குதிரை மருத்துவர், ஆகவே சிறு வயதிலிருந்தே லாயத்தில் வளர்ந்த பிள்ளை. 2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஈவண்டிங் தனிநபர் வெள்ளி வென்றார். தண்டப் புள்ளி 26.40 மட்டுமே. ராகேஷ் குமார், ஆசிஷ் மாலிக், ஜிதேந்தர் சிங் ஆகியோரோடு சேர்ந்து அணிக்கும் வெள்ளி. குதிரையேற்றத்தில் தனிநபர் பதக்கம் இந்தியாவுக்குக் கிடைத்து அப்போது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1982 டெல்லியில் ரகுபீர் சிங், ஷாஜாதா என்ற குதிரையில் தங்கம் வென்றதுதான் கடைசி.

ஜகார்த்தாவில் மிர்ஸா ஏறிய குதிரையின் பெயர் செய்னர் மெடிகாட். ஜெர்மனியின் புகழ்பெற்ற வீராங்கனை பெட்டினா ஹாய் முன்பு ஓட்டிய குதிரை. வீர்வானியின் எம்பசி குழுமம் அதை வாங்கி மிர்ஸாவிடம் ஒப்படைத்தது. குதிரை இருந்தது ஜெர்மனியில், மிர்ஸாவும் அங்கேதான் தங்கிப் பயிற்சி எடுத்தார். கிளாண்டர்ஸ் போன்ற நோய்கள் காரணமாக இந்தியாவிலிருந்து குதிரைகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவதில் கடும் தடைகள் இருந்தன. உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்ட நோயற்ற குதிரை வளாகம் மீரட்டில் நமக்குக் கிடைத்ததே 2025-இல்தான். அதுவரை உலகத் தரத்தில் போட்டியிட விரும்பினால் குதிரையை ஐரோப்பாவிலேயே வாங்கி ஐரோப்பாவிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சொந்தக்காரர் பெங்களூருவில், குதிரை பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. ரேஸ்காரர் விடிகாலையில் பயிற்சித் தடத்துக்குப் போய்த் தன் குதிரை பாய்வதைப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குப் போகலாம். இவருக்கு அதுவும் இல்லை.

ஒரு சீசன் எப்படிப் போகும்? ஐரோப்பாவில் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம்வரை. பந்தயக் குதிரைபோல மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓடவைக்க முடியாது. நான்கு நட்சத்திரத் தரத்தில் முழு நீளப் போட்டி என்றால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றிரண்டுக்காக மாதக்கணக்கில் மேட்டில் ஏற்றிப் பாயவைத்து மூச்சைக் கட்டுகிறார்கள். பயிற்சி முடிந்ததும் கால்களுக்குக் குளிர்நீர், இரவில் கட்டு, சந்தேகம் வந்தால் ஸ்கேன். தினமும் கை வைத்துக் காலின் சூட்டைப் பார்ப்பது குதிரையைப் பராமரிக்கும் சைஸின் முதல் வேலை. முன்னங்கால் தசைநாரில் சின்னக் கிழிசல் விழுந்தாலும் ஏறக்குறைய ஒரு வருடம் போய்விடும். குதிரை லாயத்தில் நிற்கும், செலவு நிற்காது.

மெடிகாட்டுக்கு நடந்தது அதுதான். ஜகார்த்தாவுக்குப் பிறகு காயம்பட்டுப் போட்டிகளிலிருந்து விலக வேண்டியதாயிற்று. 2019-தான் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிப் புள்ளிகளைச் சேர்க்கவேண்டிய வருடம். மெடிகாட் ஒன்றுதான் இருந்திருந்தால் இந்தியாவின் ஒலிம்பிக் கதை அங்கேயே முடிந்திருக்கும். லாயத்தில் ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம், டச்சிங்வுட் என்று இன்னும் இரண்டு குதிரைகள் இருந்தன. மிர்ஸா ஃபேஸ்டைமில் 34 புள்ளி, டச்சிங்வுட்டில் 30 புள்ளி, மொத்தம் 64 சேர்த்துத் தென்கிழக்கு ஆசிய, ஓஷியானியப் பிரிவில் முதலிடம் பிடித்தார். 2000 சிட்னியில் இம்தியாஸ் அனீஸ் போன பிறகு ஒலிம்பிக் குதிரையேற்றத்துக்கு இந்தியர் ஒருவர் போவது அதுவே முதல் தடவை. அதற்கு முன் 1996 அட்லாண்டாவில் இந்திரஜித் லாம்பா.

நாம் பதக்கத்தைப் பற்றிப் பேசும்போது வீரரின் துணிவைப் பேசுகிறோம், குதிரையின் திறமையைப் பேசுகிறோம். இரண்டும் நியாயம். ஆனால் 2019-இல் இந்தியாவைக் காப்பாற்றியது போட்டியில் முதலில் நினைவுக்கு வராத அந்த இரண்டாவது, மூன்றாவது குதிரைகள். அவற்றை வாங்கி, தீனி போட்டு, எப்போது தேவைப்படும் என்று தெரியாமலே தயாராக வைத்திருந்தவருக்கும் அதில் பங்கு உண்டு. இந்த விளையாட்டில் சொந்தக்காரரின் உண்மையான வேலை அதுதான்.

சட்டமும் அதையே சொல்கிறது. ஒலிம்பிக்கில் ஒரு வீரர் ஏறும் குதிரை அவர் நாட்டவருக்கே சொந்தமாக இருக்கவேண்டும், அதுவும் ஒலிம்பிக் வருடத்தின் ஜனவரி 15-க்குள் அப்படிப் பதிவாகியிருக்கவேண்டும். ஜெர்மன்காரரின் குதிரையை இரவல் வாங்கி இந்தியர் போக முடியாது. எவ்வளவு திறமையான வீரராக இருந்தாலும், இந்தியர் ஒருவர் சொந்தக்காரராக நிற்காவிட்டால் களத்துக்கு வெளியேதான்.

2021-இல் கொரோனாவால் போட்டிகள் ஒவ்வொன்றாக ரத்தாகிக்கொண்டிருந்தபோது, குறைந்தபட்சத் தகுதியை முடித்துக்கொள்ள மிர்ஸாவுக்குக் கிடைத்த இடம் போலந்தின் பாபோரூவ்கோ. காயம் ஆறித் திரும்பிய மெடிகாட்டும், தஜாரா என்ற இன்னொரு குதிரையும் அங்கே தகுதி பெற்றன. டோக்கியோவுக்கு மெடிகாட் தேர்வாயிற்று.

டோக்கியோவில் டிரெஸ்ஸாஜ் முடிவில் 28.00 புள்ளியோடு ஒன்பதாம் இடம். உலகத்தின் மிகச் சிறந்த வீரர்கள் நடுவே அது சாதாரணம் இல்லை. கிராஸ் கன்ட்ரி, ஆகஸ்ட் 1 காலை, கடலோரத்து சீ ஃபாரஸ்ட் களத்தில். வெயிலுக்குப் பயந்து காலையிலேயே வைத்தார்கள். குறித்த நேரம் 7 நிமிடம் 45 நொடி. மெடிகாட் எந்தத் தடையிலும் நிற்கவில்லை, நேரம் மட்டும் 28 நொடி கூடி 11.20 புள்ளி ஏறியது. மறுநாள் ஷோ ஜம்பிங்கில் இரண்டு கம்பி விழுந்து 47.20. அப்படியும் கடைசிச் சுற்றுக்குப் போகும் 25 பேரில் இடம் கிடைத்தது. அந்தச் சுற்றில் 12.40 சேர்ந்து 59.60-இல் முடித்தார். இடம் 23. தனியாளாக, அணி இல்லாமல், சொந்த நாட்டில் சரியான கிராஸ் கன்ட்ரி வசதிகூட இல்லாத ஒரு விளையாட்டில் கிடைத்த 23-ஆம் இடம். எனக்கு அது பெரிய சாதனை.

அதே கிராஸ் கன்ட்ரி களத்தில் சுவிட்சர்லாந்து வீரர் ராபின் கோடெலின் ஜெட் செட் என்ற குதிரைக்குக் காலில் லிகமென்ட் அறுந்தது. காப்பாற்ற வழி இல்லாமல் கருணைக்கொலை செய்தார்கள். தங்கம் வென்ற ஜெர்மனியின் ஜூலியா கிராயேவ்ஸ்கியின் கதையும் நம் கதைக்கு நெருக்கமானது. அவருடைய முதன்மைக் குதிரை சமுராய் அந்த வருடம் ஒரு கண்ணை இழந்து ஓய்வு பெற்றது. அவர் டோக்கியோ போனது அமாண்ட் என்ற இளைய பெட்டைக் குதிரையில். ஒலிம்பிக் ஈவண்டிங்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண் ஆனது அந்தக் குதிரையின் முதுகில்தான். ஜெர்மனியில் இப்படி இரண்டாவது குதிரை வைத்திருக்கும் லாயங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நம்மிடம் கைவிரல் அளவுகூட இல்லை.

2024 பாரிசில் இந்தியாவிலிருந்து டிரெஸ்ஸாஜுக்கு அனுஷ் அகர்வாலா போனார். ஈவண்டிங்குக்கு யாரும் போகவில்லை. ஒரு தொழிலதிபரின் விருப்பத்தை நம்பி ஒரு நாட்டின் ஒலிம்பிக் பிரிவு நிற்பது சரியில்லை. அவர் செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், அந்தச் சுமையை அவரிடமே விட்டுவிடவும் கூடாது. பயிற்சிக்கும் பயணத்துக்கும் அரசு கொடுக்கும் உதவி போதாது. குதிரை வாங்கவும், வாங்கிய குதிரையைக் காயக் காலத்தில் பராமரிக்கவும் ஒரு பொது நிதி வேண்டும். பல பேர் கூடி ஒரு குதிரையைச் சொந்தமாக்கிக்கொள்ளும் சிண்டிகேட் முறை ரேஸில் ஏற்கெனவே இருக்கிறது. டர்ஃப் கிளப் வட்டாரத்தில் அதை நன்றாக அறிந்தவர்கள் நிறையப் பேர். பந்தயக் குதிரையில் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறவர்கள், அடுத்த முறை ஓர் ஈவண்டிங் குதிரையிலும் ஒரு பங்கு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று இந்தத் தொடர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். லாபம் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பங்கு இல்லாமல் அந்தக் குதிரை இந்தியாவுக்காகக் களம் இறங்க முடியாது.

(அடுத்த வாரம்: குனிகல் பண்ணை)