மழையிலும் வத்தல் காய வைக்க மெஷின்! வாங்கும் முன் இதை பாருங்க

சென்னை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை. வெயிலை நம்பி வத்தல், வடகம் போட முடியாது. அரைகுறையாக காய்ந்த மிளகாய், வேர்க்கடலையில் பூஞ்சை பிடித்தால் 'அஃப்ளாடாக்சின்' என்ற நச்சு உருவாகலாம். கல்லீரலுக்கு அது எமன். வறுத்தாலும் முழுசாக போகாது.

இங்கேதான் கரண்டில் ஓடும் 'டீஹைட்ரேட்டர்' கைகொடுக்கிறது. உள்ளே இருப்பது ஒரு ஹீட்டர், ஒரு ஃபேன், சில தட்டுகள். அவ்வளவுதான்!

ஃபேன் முக்கியம்

சூடு ஈரத்தை கிளப்பும், ஃபேன் அதை வெளியே தள்ளும். ஃபேன் இல்லாத மாடல் விலை குறைவுதான். ஆனா காய ரொம்ப நேரம் பிடிக்கும். அதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

அடுக்கு தட்டு மாடலில் ஃபேன் அடியில் இருந்தால் கீழ்தட்டு சீக்கிரம் காயும். தட்டுகளை மாற்றி மாற்றி வைக்கணும். பின்பக்கம் ஃபேன் உள்ள பெட்டி மாடலில் இந்த வேலை குறைவு, விலை கூடுதல்.

சூட்டை கூட்டி குறைக்கும் வசதி கட்டாயம் வேணும். கருவேப்பிலை, புதினாவுக்கு 35-40 டிகிரி செல்சியஸ் போதும். காய்கறிக்கு 50-55, பழத்துக்கு 55-60.

வடகம் போடுபவர்கள் ஓட்டை இல்லாத ஷீட் இருக்கிறதா என்று கேளுங்க. இல்லாவிட்டால் மாவு வழிந்துவிடும்.

பில் எகிறுமா?

500 வாட் மெஷின் 10 மணி நேரம் முழுசாக ஓடினால் 5 யூனிட். மாதம் 8 தடவை ஓட்டினால், 2 மாத பில்லில் 80 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு 500 யூனிட்டை தாண்டினால் கட்டண அடுக்கே மாறும், உஷார்!

யாருக்கு லாபம்?

வருஷத்துக்கு ஒரு தடவை மோர் மிளகாய் போடுபவர்களுக்கு மெஷின் தண்டம். கோடையில் மாடி வெயிலே போதும். 1 கிலோ தக்காளியில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். காய்ந்த பின் 100 கிராம்கூட தேறாது. அந்த கணக்கையும் போட்டு பாருங்க.

வத்தல் விற்று சம்பாதிக்க நினைத்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு தேவை.

காய்ந்த காயை ஆறவிட்டு முறித்தால் 'படக்'கென உடையணும். வளைந்தால் ஈரம் இருக்கு, டப்பாவில் போடாதீங்க!