நிலவில் ஒரு பகல்: சந்திரயான்-3 ஆய்வுக் காலத்தை நிர்ணயித்தது எது?

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் (இஸ்ரோ) சந்திரயான்-3 விண்கலம் 2023 ஜூலை 14 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் விக்ரம் லேண்டர் ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென் துருவப் பகுதியில் மென்மையாகத் தரையிறங்கியது. அப்பகுதியில் பகல் தொடங்கும் வேளை என்பதால் அந்த நாள் தேர்வு செய்யப்பட்டது.

நிலவில் ஒரு சூரிய உதயத்திற்கும் அடுத்த உதயத்திற்கும் இடையே சுமார் 29.5 புவி நாட்கள் ஆகின்றன. எனவே, அங்கு பகலும் இரவும் தலா 14 நாட்களுக்கு மேல் நீடிக்கின்றன. லேண்டரும் பிரக்யான் ரோவரும் சூரிய மின்சக்தியால் இயங்கியவை. இரவில் மின் உற்பத்தி நின்றுவிடும். வெப்பத்தைத் தக்கவைக்கும் வளிமண்டலம் இல்லாததால், வெப்பநிலை மைனஸ் 120 டிகிரி செல்சியஸுக்கும் கீழே சரியும். இதனால் ஆய்வுகளை ஒரே பகலுக்குள் முடிக்கும் வகையில் திட்டம் வகுக்கப்பட்டது.

அந்தக் காலத்திற்குள் ரோவர் 100 மீட்டருக்கு மேல் பயணித்து, நிலவின் மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. செப்டம்பர் 2 அன்று ரோவரும், செப்டம்பர் 4 அன்று லேண்டரும் உறக்க நிலைக்கு மாற்றப்பட்டன. மீண்டும் பகல் தொடங்கியதும், செப்டம்பர் 22 அன்று அவற்றுடன் தொடர்புகொள்ள இஸ்ரோ முயன்றது. சமிக்ஞை ஏதும் கிடைக்கவில்லை. எனினும், திட்டமிட்ட பணிகள் அதற்கு முன்பே நிறைவடைந்திருந்தன.