ஒரு விரல் சுண்ணாம்பு

பதனி ஏன் இனிக்கிறது என்று கேட்டால் வகுப்பில் ஒரு கையும் உயராது. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைக் கேட்டால் அத்தனை பேரும் ஒப்பிப்பார்கள். உயிரியல் வாத்தியாராக இருந்த காலமெல்லாம் எனக்கு இதுதான் வருத்தம். இரண்டும் ஒரே பாடம்.

கோடையில் எங்கள் ஊர் ரத வீதியில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருகிற பதனி, ஓலையில் உருவான சர்க்கரை. பச்சையத்தில் வெயில் விழுந்ததும் தண்ணீர் பிளக்கிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. பிடித்துவைத்த ஆற்றலைக் கொண்டு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஓலை சர்க்கரையாகக் கட்டுகிறது. அது பூவுக்கும் காய்க்கும் போகவேண்டியது. பனையேறி பாளையைச் சீவி வழியில் மறிக்கிறார்.

மரம் ராத்திரியில்தான் மூச்சு விடும் என்பார்கள். தப்பு. பகலிலும் சுவாசிக்கிறது, ஒளிச்சேர்க்கை மிஞ்சி நிற்பதால் வெளியே தெரிவதில்லை.

சர்க்கரையில் பூட்டிய வெயிலைத் திறப்பதுதான் சுவாசம். பனையேறியின் தொடைத் தசையில் மைட்டோகாண்ட்ரியா அந்த வேலையைச் செய்கிறது. ஆக்சிஜனைக் கொண்டு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுக்க உடைத்தால் சுமார் 30 ஏடிபி. செல்லுக்குள் செலவாகும் சில்லறை அதுதான். மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும், ஓலை எவற்றை வைத்துத் தொடங்கியதோ அவையே. காலையும் மாலையும் மரமேறுகிறவர் சர்க்கரையைச் செலவழித்துத்தான் சர்க்கரையை இறக்குகிறார்.

போட்டிக்கு ஓர் ஆள் உண்டு: ஈஸ்ட். ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை அரைகுறையாக உடைக்கும்; குளுக்கோஸ் ஒன்றுக்கு அதற்குக் கிடைப்பது 2 ஏடிபி. மீதி ஆற்றலில் பெரும்பங்கு சாராயத்திலேயே தங்கிவிடும். சாராயம் தீப்பற்றுவது அதனால்தான். பதனி இப்படிப் புளித்தால் கள்; அது நுரைப்பது ஈஸ்ட் விடும் கார்பன் டை ஆக்சைடால். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு, காரத்தைக் கூட்டி ஈஸ்டை முடக்கிவிடுகிறது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, பதனிக்கு இல்லை. நடுவில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு!

உடன்குடிப் பக்கம் இதே பதனியைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். கொதியில் ஈஸ்ட் சாகும், தண்ணீர் போகும், சர்க்கரை கட்டியாகும். அடுப்பில் எரிகிற காய்ந்த ஓலையும் பழைய வெயில்தான்.

வாத்தியார்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளைப் பக்கத்துப் பனைவிளைக்குக் கூட்டிப்போய்ப் பாளையையும் கலயத்தையும் காட்டிப் பாடம் நடத்துங்கள். சித்திரையில் போனால் பரீட்சையும் முடிந்திருக்கும், பதனியும் கிடைக்கும்.